நில எடுப்பு அறிவிப்பும் உயர் நீதிமன்றமும்: வடசென்னை வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோ வழித்தடம் 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் மாதவரத்தில் தொடங்குகின்றன. துறைமுகத்துக்குப் போகும் சாலைகளின் விரிவாக்கம், ரயில்வே கேட்டுகளுக்கு மேல் பாலம், மழைநீர்க் கால்வாய் என்று நிலம் கேட்கும் வேலைகள் இந்தப் பக்கத்தில் ஓய்ந்ததே இல்லை. தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்பவன் என்பதால், அரசு அறிவிப்பைக் கையில் பிடித்தபடி மாலை வேளைகளில் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொருவரின் ஆவணமும் வேறுபடும் என்பதால், வழக்குத் தொடுக்கும் முன் உங்கள் காகிதங்களை ஒரு வழக்கறிஞர் நேரில் பார்த்தாக வேண்டும்.

நீதித்துறை சீராய்வு என்பது என்ன? அரசின் முடிவை நீதிமன்றம் மாற்றி எழுதுமா?

எழுதாது. இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மேல்முறையீட்டில் கீழ் நீதிமன்றத்தின் முடிவு சரியா தவறா என்பதை மேல் நீதிமன்றம் புதிதாக எடைபோடும். சீராய்வில், அரசியலமைப்பின் 226-வது பிரிவின்படி உயர் நீதிமன்றம் பார்ப்பது, அந்த முடிவு எடுக்கப்பட்ட முறையை மட்டுமே. சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள் நின்று முடிவெடுத்தார்களா, பாதிக்கப்படுகிறவரைக் கேட்டார்களா, கேட்டதை மனத்தில் வாங்கிப் பதில் சொன்னார்களா, உள்நோக்கம் இருந்ததா என்பவைதான் கேள்விகள். டாடா செல்லுலார் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொன்ன எல்லை இது. நில எடுப்பு வழக்குகளும் இந்த எல்லைக்குள்தான் நடக்கின்றன.

ஆகவே ‘என் வீட்டை எடுப்பது அநியாயம்’ என்ற வாதம், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், தனியே நின்று வெல்வது அரிது. ‘என்னைக் கேட்காமல் எடுத்தார்கள்’ அல்லது ‘கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எடுத்தார்கள்’ என்ற வாதத்துக்குச் சட்டத்தில் வலு உண்டு.

சொத்துரிமை அடிப்படை உரிமை இல்லை என்கிறார்களே, பிறகு எதை வைத்து வழக்காடுவது?

44-வது அரசியலமைப்புத் திருத்தம் 1978-ல் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, 300-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்று அது கூறுகிறது. ஒரே வாக்கியம்தான் என்றாலும் அதற்குள் இருப்பது நிறைய. கொல்கத்தா மாநகராட்சிக்கும் பிமல் குமார் ஷாவுக்கும் இடையிலான வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏழு உரிமைகளாகப் பிரித்துக் காட்டியது. எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டி அறிவிக்க வேண்டும்; ஆட்சேபணையைக் கேட்க வேண்டும்; காரணம் கூறி முடிவு சொல்ல வேண்டும்; பொதுநோக்கத்துக்கு மட்டுமே எடுக்க வேண்டும்; நியாயமான இழப்பீடு தர வேண்டும்; காலதாமதமின்றி நடத்த வேண்டும்; தொடங்கியதை முறைப்படி முடித்து வைக்க வேண்டும். இவற்றில் இழப்பீடு ஒன்றே ஒன்றுதான். ‘காசு கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன’ என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், மற்ற ஆறும் எங்கே என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

எனக்கு வந்திருக்கும் அறிவிப்பு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அது ஏன் முக்கியம்?

அறிவிப்பின் முதல் பத்தியிலேயே சட்டத்தின் பெயரும் பிரிவும் அச்சிடப்பட்டிருக்கும். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான், ஏனென்றால் கால வரம்பும் நடைமுறையும் சட்டத்துக்குச் சட்டம் மாறுகின்றன.

2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு; பிறகு 11-வது பிரிவின் முதல்நிலை அறிவிப்பு; அது வெளியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் 15-வது பிரிவின்படி ஆட்சேபணை; 12 மாதங்களுக்குள் 19-வது பிரிவின் உறுதி அறிவிப்பு; அதிலிருந்து 12 மாதங்களுக்குள் இழப்பீட்டுத் தீர்வம், அதாவது இழப்பீடு எவ்வளவு என்று நிர்ணயிக்கும் உத்தரவு. அரசு நீட்டிக்காமலும் நீதிமன்றத் தடை எதுவும் இல்லாமலும் கெடு தாண்டினால் நடவடிக்கை விழுந்துவிடும்.

ஆனால் சென்னையில் மெட்ரோவுக்காக வரும் அறிவிப்புகளில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் பெயரை. மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். இவை இரண்டிலும் சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. 1997 சட்டத்தில் 3(2)-ஆம் பிரிவின்படியும், நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 15(2)-ஆம் பிரிவின்படியும், ‘ஏன் எடுக்கக்கூடாது என்று காரணம் காட்டுக’ என அறிவிப்பு வரும். பதில் தருவதற்கான நாட்கள் அந்தக் காகிதத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதன் பிறகு அரசிதழில் 3(1) அல்லது 15(1) அறிவிப்பு வெளியான நாளிலேயே நிலம் அரசுடையதாகிவிடும். நீங்கள் வீட்டுக்குள் குடியிருந்துகொண்டிருப்பீர்கள், சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் மாறியிருப்பார். தேசிய நெடுஞ்சாலை என்றால் ஆட்சேபணைக்கு 21 நாட்கள், ரயில்வேயின் சிறப்புத் திட்டம் என்றால் 30 நாட்கள்.

மத்தியச் சட்டம் 60 நாட்கள் தருகிறது என்று யாரோ சொன்னதை நம்பிக் காத்திருந்து, மாநிலச் சட்டத்தின் குறுகிய கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அண்டை வீட்டாரின் கெடு உங்கள் கெடு அல்ல.

அந்த மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பு வந்ததாகச் செய்தி படித்தோமே?

வந்தது உண்மை. 2013 சட்டம் வந்த பிறகும் மேலே சொன்ன இரண்டும் உட்படத் தன் மூன்று சட்டங்களைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்காக, தமிழ்நாடு அரசு அந்த மத்தியச் சட்டத்தில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், 1997 சட்டத்தின் கீழும் நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழும் நடந்த எடுப்புகளைச் செல்லாது என்றது. உடனே சட்டமன்றம் அவற்றுக்கு மறுஉயிர் கொடுக்கும் சட்டத்தை அதே ஆண்டில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அந்த மறுஉயிர்ச் சட்டத்தை 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஜி. மோகன் ராவ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. எனவே சட்டமே செல்லாது என்ற வாதம் இன்று எடுபடாது. ஒரே ஆறுதல், இந்தச் சட்டங்களின் கீழ் எடுத்தாலும் இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டத்தின் அட்டவணைகளின்படியே தரப்பட வேண்டும் என்பது.

ஆட்சேபணை மனுவில் என்ன எழுத வேண்டும்? எப்படியும் எடுக்கத்தானே போகிறார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். பின்னால் உயர் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கின் அஸ்திவாரம் இந்த ஒரு மனு. நீங்கள் எழுப்பாத ஆட்சேபணையை அதிகாரி ஏன் பரிசீலிக்கவில்லை என்று நீதிபதி கேட்க முடியாது. எழுப்பியிருந்தால், அதற்கு என்ன பதில் என்று கோப்பைத் திறக்கச் சொல்லலாம்.

காலடிப்பேட்டைப் பக்கம் இருந்து ஒரு அக்கா வந்தார். 480 சதுர அடி மனை, கீழே இட்லிக் கடை, மேலே குடித்தனம். கதவில் பசை தடவி ஒட்டிய அறிவிப்பை ஓரங்கள் கிழியாமல் உரித்து, ஒரு பழைய காலண்டர் அட்டையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். “மனு குடுத்துட்டேன் சார், ஆனா சீல் வாங்கல” என்றார். மனுவின் நகலைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கணவரை இழந்த கதை, கடன், பிள்ளைகளின் படிப்பு. படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் எடுக்கவிருக்கும் 14 சதுர மீட்டர் எங்கே விழுகிறது என்ற ஒரு வரி அதில் இல்லை. மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு அங்கே போனோம். அறிவிப்போடு இணைத்திருந்த வரைபடத்தில் காலி மனை என்று குறித்திருந்த இடத்தில்தான் மாடிப்படியும் கழிவறையும் நின்றன. அந்த 14 சதுர மீட்டர் போனால் மாடிக்கு ஏற வழியே இருக்காது. நான்கு புகைப்படம், கையால் வரைந்த ஒரு அளவுப்படம், மின் கட்டண ரசீது ஆகியவற்றை இணைத்து, கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் கூடுதல் மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம். அந்த முத்திரை விழுந்த நகலை வைத்துத்தான் பிறகு நீதிமன்றத்தில் நின்றோம். கட்டடம் இருப்பதைக் கவனியாமல் எடுத்த முடிவு என்பதால், அவரை மறுபடியும் கேட்டு முடிவெடுக்க உத்தரவு கிடைத்தது.

ஆகவே உங்கள் மனுவில் சர்வே எண், மொத்தப் பரப்பு, எடுக்கப்படும் பரப்பு, அதில் நிற்கும் கட்டுமானம், மீதி இடத்தில் வாழ முடியுமா என்பது, அருகில் மாற்று இடம் இருந்தால் அதன் விவரம் எல்லாம் இருக்கட்டும். வரைபடம், அளவைக் குறிப்பு, திட்ட அறிக்கை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். நேரில் விசாரிக்கும்படி கேட்கும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். நேரில் கொடுத்து முத்திரை வாங்குவதோடு, பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்பிவிடுங்கள். குடும்பத்தின் கஷ்டத்தையும் எழுதலாம். அது கடைசிப் பத்தியில் வரட்டும்.

விசாரணைக்குக் கூப்பிட்டு, ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். அது போதுமா?

கையெழுத்து வாங்குவது மட்டும் விசாரணை ஆகாது. நிலச் சொந்தக்காரர் சொன்னதை அதிகாரி பரிசீலித்தார் என்பது அவருடைய அறிக்கையில் தெரிய வேண்டும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அரசு இறுதி முடிவெடுக்கிறது. ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் நிறுவனத்துக்கும் டேரியஸ் ஷாபூர் செனாய்க்கும் நடந்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், ஆட்சேபணை சொல்லும் உரிமையை வெறும் சடங்காக்கிவிடக் கூடாது என்றும், மனம் செலுத்தி முடிவெடுத்ததைப் பதிவேடு காட்ட வேண்டும் என்றும் கூறியது. மேற்கு வங்கத்தின் சிங்கூர் வழக்கிலும், 2006-ல் எடுத்த நிலத்தைப் பத்தாண்டுகள் கழித்து 2016 ஆகஸ்டில் விவசாயிகளுக்குத் திருப்பித் தரச் சொன்னதற்கு, ஆட்சேபணைகளைத் தனித்தனியாகப் பரிசீலிக்காமல் ஒட்டுமொத்தமாகத் தள்ளியது ஒரு முக்கியக் காரணம். கார்த் தொழிற்சாலை கட்டப்பட்டுவந்த இடம் அது.

விசாரணைக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பேசியதைக் குறிப்பில் பதிந்தார்களா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். பதியவில்லை என்றால் அன்று மாலையே, ‘இன்று நான் நேரில் கூறியவை பின்வருமாறு’ என்று கடிதம் கொடுங்கள். வழக்கறிஞரை உடன் அழைத்துப் போகவும் 2013 சட்டம் இடம் தருகிறது.

வேறு எந்தக் காரணங்களுக்காக உயர் நீதிமன்றம் எடுப்பை ரத்து செய்யும்?

அறிவிப்பையே தராதது, பொருந்தாத சட்டத்தைப் பயன்படுத்தியது, அதிகாரமில்லாதவர் உத்தரவு போட்டது, சட்டம் விதித்த கெடு தாண்டியது, ஒரு தனியாரின் ஆதாயத்தைப் பொதுநோக்கம் என்ற போர்வையில் மூடியது ஆகியவை தெளிவான காரணங்கள். பக்கத்து மனையை மட்டும் காரணமின்றி விட்டுவிட்டு உங்களுடையதை எடுத்தால், சமத்துவத்துக்கான அரசியலமைப்பின் 14-வது பிரிவின்படி கேள்வி எழுப்பலாம். ஆனால் அவருக்கு விலக்கு அளித்த உத்தரவின் நகல் கையில் இல்லாமல் இந்தக் குற்றச்சாட்டை வைக்காதீர்கள். உள்நோக்கம் கற்பிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். யார், எப்போது, எதற்காக என்று சொல்ல முடியாமல் பொதுவாக எழுதினால், உங்கள் மற்ற நல்ல வாதங்களின் மதிப்பும் குறைந்துபோகும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. உத்தரவில் இல்லாத காரணத்தைப் பிறகு நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டு அரசு சேர்க்க முடியாது. மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-லேயே சொல்லப்பட்ட விதி இது. எனவே உங்கள் ஆட்சேபணையைத் தள்ளிய உத்தரவை வரி வரியாகப் படியுங்கள். ‘ஏற்கத்தக்கதல்ல’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றால், அது உங்களுக்குக் கிடைத்த வாதம்.

எதிர்ப்பக்கம் காலி இடம் இருக்கிறது. சாலையையோ வழித்தடத்தையோ அங்கே மாற்றச் சொல்லி வழக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் போடாதீர்கள். வழித்தடம் எங்கே போக வேண்டும் என்பது பொறியாளர்களின் துறை என்று நீதிமன்றங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கான அறிவிப்புகளை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது ஊரே கொண்டாடியது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தொடக்க நிலை அறிவிப்புகள் செல்லும் என்றது. சாலை எங்கே தேவை என்பதை முடிவு செய்வது அரசு, சுற்றுச்சூழல் அனுமதி அதன் பிறகு வரும் கட்டம் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. மாற்று இடம் இருப்பதை ஆட்சேபணை மனுவிலேயே வரைபடத்தோடு காட்டி, அதை அவர்கள் பரிசீலிக்கவே இல்லை என்று வாதிடுங்கள். அப்போது நீங்கள் பொறியியல் முடிவைத் தாக்கவில்லை, பரிசீலனை இல்லாததைத் தாக்குகிறீர்கள்.

அவசரம் என்று சொல்லி ஆட்சேபணையே கேட்காமல் எடுக்க முடியுமா?

2013 சட்டத்தின் 40-வது பிரிவின்படி நாட்டின் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர், அல்லது நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளும் பிற அவசரம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் முடியும். சாலைப் பணி தாமதமாகிறது என்பது அதில் அடங்காது.

எப்போது வழக்குத் தொடுக்க வேண்டும்?

காரணம் காட்டும் அறிவிப்பு வந்த உடனேயே ஓடினால், ‘முதலில் பதில் கொடுங்கள்’ என்று திருப்பி அனுப்பக்கூடும். அதிகாரமே இல்லாதவர் அனுப்பிய அறிவிப்பு என்பது போன்ற வெளிப்படையான குறை இருந்தால் மட்டும் அந்தக் கட்டத்தில் போகலாம். பெரும்பாலோருக்குச் சரியான நேரம், ஆட்சேபணையைத் தள்ளிய உத்தரவோ இறுதி அறிவிப்போ வந்த பிறகு, தீர்வம் பிறப்பிக்கப்படுவதற்கு முன்.

உயர் நீதிமன்றத்தில் போடும் இந்த நீதிப்பேராணை (ரிட்) மனுவுக்குச் சட்டம் நாள் கணக்கு எதுவும் விதிக்கவில்லை. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்துக்காக எடுத்த நிலங்கள் பற்றிய எல். கிருஷ்ணன் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், தாமதமாக வந்தவர்களுக்கு உயர் நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கக் கூடாது என்றது. நிலத்தின் சுவாதீனம் அரசின் கைக்குப் போய், தூணும் எழும்பிய பிறகு வரும் மனுவில் எவ்வளவு நியாயம் இருந்தாலும், கிடைப்பது பெரும்பாலும் பணமாகத்தான் இருக்கும்.

முற்றிலும் வேறான ஒரு நிலையும் உண்டு. எந்த நடவடிக்கையுமே இல்லாமல், அறிவிப்பும் இழப்பீடும் தராமல், உங்கள் பட்டா நிலத்தில் சாலையோ கால்வாயோ போட்டுவிட்டார்கள் என்றால், தாமதத்தைக் காட்டி அரசு தப்பிக்க முடியாது. ஹிமாச்சலப் பிரதேசத்தில் 1967-ல் சாலைக்காக நிலத்தை இழந்த வித்யா தேவி என்ற மூதாட்டிக்கு 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது, அரை நூற்றாண்டு கடந்த பிறகு.

இடைக்காலத் தடை கிடைக்குமா?

எளிதில் கிடைக்காது. உள்கட்டமைப்புத் திட்டத்தை நிறுத்தினால் பொதுமக்களுக்கு ஆகும் இழப்பையும் எடைபோட வேண்டும் என்று ராம்னிக்லால் பூட்டா வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் நினைவூட்டியிருக்கிறது. மொத்தத் திட்டத்துக்கும் தடை கேட்பதைவிட, உங்கள் மனையைப் பொறுத்தவரை தற்போதைய நிலை தொடரட்டும் என்று கேட்பது பலன் தரும். கட்டடத்தை இடித்துவிட்டால் வழக்கே அர்த்தமற்றுப் போகும் என்பதைப் புகைப்படத்தோடு காட்டுங்கள்.

இழப்பீட்டை வாங்கிக்கொண்டால் வழக்குப் போட முடியாதா?

எடுப்பையே எதிர்ப்பதற்கும் தொகையை எதிர்ப்பதற்கும் இதன் விளைவு வேறு வேறு. தீர்வத்தை ஏற்று எந்தக் குறிப்பும் இல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டவர் எடுப்பை எதிர்த்து வந்தால், நீதிமன்றம் இரக்கம் காட்டுவது கடினம். தொகை போதாது என்பவர் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்படி எழுதாமல் வாங்கினால், கூடுதல் கேட்கும் உரிமை 2013 சட்டத்தின் 77-வது பிரிவின்படி போய்விடும். பேச்சுவார்த்தை மூலம் நேரடியாக விலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கு இரண்டு வழியும் அடைபட்டுவிடும்.

தொகை குறைவு என்றால் உயர் நீதிமன்றம் போகலாமா?

நேரே அங்கே போகக்கூடாது. தொகைக்குத் தனிப் பாதை இருக்கிறது. 2013 சட்டத்தின்படியான தீர்வம் என்றால், அது வழங்கப்பட்டபோது நீங்கள் முன்னிலையில் இருந்திருந்தால் ஆறு வாரங்களுக்குள் 64-வது பிரிவின்படி ஆட்சியரிடம் மனு கொடுத்து, இழப்பீட்டுப் பிணக்குகளை விசாரிக்கும் உரிய ஆணையத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அதன் பிறகுதான் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு. தேசிய நெடுஞ்சாலை என்றால் நடுவரிடம் போக வேண்டும்.

கணக்கு எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அது சந்தை மதிப்பு. நகர்ப்புறத்தில் அதை 1-ஆல்தான் பெருக்குவார்கள். கிராமப்புறத்துக்குரிய கூடுதல் பெருக்கம் சென்னைக்குக் கிடையாது. நிலம் 40 லட்சம், கட்டடம் 10 லட்சம் என்றால் 50 லட்சம். அதே அளவு ஆறுதல் தொகை சேர்ந்து 1 கோடி. அதற்கு மேல் நிலத்தின் சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 12 சதவீதம், சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கான அறிவிப்பிலிருந்து தீர்வம் அல்லது சுவாதீனம், இவற்றில் எது முந்தியதோ அதுவரை. கிரயத்தில் விலையைக் குறைத்துக் காட்டிப் பதிவு செய்யும் பழக்கம் தெரு முழுவதையும் எப்படித் தண்டிக்கிறது என்பதை இந்தக் கணக்கில்தான் பார்க்கலாம்.

அடிமனை வேறொருவருடையது, கட்டடம் மட்டும் எங்களுடையது. எங்களுக்கு உரிமை உண்டா? வாடகைக்கு இருப்பவருக்கு?

வடசென்னையில் இது தெருவுக்குத் தெரு இருக்கும் நிலை. கோயில் நிலத்திலோ அறக்கட்டளை நிலத்திலோ மனை வாடகை கட்டிக்கொண்டு, தாத்தா காலத்தில் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்கள் ஏராளம். அறிவிப்பு நிலச் சொந்தக்காரரின் பெயருக்குப் போகும். குடியிருப்பவருக்குச் செய்தி கடைசியில்தான் தெரியவரும். நீங்களும் சட்டத்தின்படி நலன் உள்ளவர்தான். கட்டடத்தின் மதிப்பு உங்களுக்கு, நிலத்தின் மதிப்பில் யாருக்கு எவ்வளவு என்ற பிணக்கு வந்தால் அதையும் உரிய ஆணையத்துக்கு அனுப்பச் சொல்லலாம். மனை வாடகை ரசீது, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவற்றை இணைத்து, நீங்களாகவே தனி வட்டாட்சியரிடம் மனு கொடுத்து உங்கள் பெயரைக் கோப்பில் ஏற்றிவிடுங்கள். சும்மா இருந்தால் முழுத் தொகையும் ஒருவர் பெயரில் போய்விடும்.

வாடகைக்கு இருப்பவர் எடுப்பையே எதிர்ப்பது கடினம். ஆனால் அங்கே மூன்றாண்டுகளுக்கு மேல் வசித்தோ தொழில் செய்தோ வந்தவர், 2013 சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கிடும்படி கேட்கலாம்.

பத்திரத்தில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருக்கிறது, பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. பிரச்சினையாகுமா?

திருவொற்றியூர், மாதவரம் பகுதிகள் 2018-ல்தான் சென்னை மாவட்டத்துக்கு வந்தன. பழைய பத்திரத்தில் திருவள்ளூர் என்று இருப்பது குறையாகாது. பழைய சர்வே எண்ணுக்கும் நகர நில அளவை எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பதிவேட்டு நகலை மட்டும் வாங்கி வையுங்கள். அப்பா பெயரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்றோடு இன்றே மனு கொடுங்கள். இறந்தவர் பெயருக்கு அறிவிப்பு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று அலுவலகம் சொல்வதைத் தடுக்க அது ஒன்றே வழி.

எங்கள் இடத்தைப் புறம்போக்கு என்கிறார்கள். இழப்பீடே இல்லையாம்.

முதலில் பதிவேட்டைப் பாருங்கள். கத்திவாக்கம், எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கங்களில் பல குடியிருப்புகள் கிராம நத்தம், அதாவது ஊரார் குடியிருப்புக்கென விட்ட நிலம். நத்தம் அரசு நிலம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. நத்தத்தில் குடியிருப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்று அகற்ற முடியாது. உண்மையிலேயே அரசுப் புறம்போக்கு என்றால் அது நில எடுப்பு அல்ல, 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படியான வெளியேற்றம். அதற்கும் 7-வது பிரிவின்படி அறிவிப்பும் பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். பம்பாய் நடைபாதைவாசிகளுக்கான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-லேயே, வாழ்வாதாரம் வாழும் உரிமையின் பகுதி என்றும், கேட்காமல் அகற்றக்கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விடியற்காலையில் பொக்லைன் இயந்திரத்தோடு வந்து நிற்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத நடைமுறை. அப்படி வந்தால் அன்றே அவசர மனுவாக எடுத்துக்கொள்ளும்படி நீதிமன்றத்தில் முறையிடலாம்.

1980-களில் எடுத்ததாகச் சொல்லும் நிலம் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. திரும்பக் கிடைக்குமா?

2013 சட்டத்தை வைத்து 2014 முதல் 2020 வரை இப்படிப் பல வழக்குகள் வென்றன. இந்தூர் வளர்ச்சிக் குழும வழக்கில் 2020 மார்ச் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. சுவாதீனமும் எடுக்கவில்லை, இழப்பீடும் செலுத்தவில்லை என்ற இரண்டும் சேர்ந்திருந்தால்தான் பழைய எடுப்பு காலாவதியாகும். கருவூலத்தில் பணம் கட்டியிருந்தாலோ, பஞ்சநாமா (சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு) எழுதிச் சுவாதீனம் எடுத்ததாகக் கோப்பில் இருந்தாலோ முடிந்தது கதை. நீங்கள் அங்கே குடியிருப்பது மட்டும் போதாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தப் பஞ்சநாமாவைக் கேட்டு வாங்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.

அறிவிப்பு வந்த வீட்டை மலிவாகத் தருகிறார்கள், வாங்கலாமா?

வேண்டாம். அறிவிப்புக்குப் பிறகு வாங்கியவர் எடுப்பை எதிர்க்க முடியாது என்று சிவ்குமார் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

வழக்கில் வென்றால் வீடு நிரந்தரமாகத் தப்பிக்குமா?

பெரும்பாலும் கிடைப்பது, முடிவை ரத்து செய்து, குறை நேர்ந்த கட்டத்திலிருந்து மறுபடியும் நடத்தலாம் என்ற உத்தரவு. அதைக் குறைவாக எண்ணாதீர்கள். மறு விசாரணையில் அளவைத் திருத்தி, மாடிப்படியை விட்டுவைத்து எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். காலடிப்பேட்டை அக்கா வீட்டில் 14 சதுர மீட்டர் 5 ஆனது; இட்லிக் கடை உள்ளே தள்ளிப் போனது, குடித்தனம் மாடியிலேயே இருக்கிறது. தோற்றால், தனி நீதிபதியின் தீர்ப்பிலிருந்து 30 நாட்களுக்குள் இரு நீதிபதிகள் அமர்வுக்கு மேல்முறையீடு செய்யலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. போகும்போது அறிவிப்பின் அசல், முத்திரை விழுந்த ஆட்சேபணை நகல், பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, வீட்டின் புகைப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். அறிவிப்பு வந்த அஞ்சல் உறையையும் தூக்கி எறியாதீர்கள். கடிதத்தில் அச்சிட்ட தேதிக்கும் அது உங்கள் கைக்கு வந்த தேதிக்கும் இடையே இருபது நாள் போயிருந்தால், அதற்குச் சாட்சி அந்த உறையின் மேலுள்ள தபால் முத்திரை மட்டும்தான்.